மலை ஊற்றுக்குத் தொட்டியா, அகழியா, முறைவைப்பா?

மலைக்கிராமத்தில் ஊற்றுத் தண்ணீர் போதவில்லை என்றால், கிராம சபையில் முதலில் எழுவது பெரிய தொட்டிக் கோரிக்கைதான். ஆனால் தட்டுப்பாடு இரண்டு வகை: நாள் கணக்கில் நீர் போதும், தேவைப்படும் நேரத்தில் போதாது என்பது ஒன்று; நாள் கணக்கிலேயே போதாது என்பது மற்றொன்று. தொட்டி முதல் வகையைத்தான் தீர்க்கும்.

எந்த வகை என்று அறிய 10 லிட்டர் வாளியும் கைபேசியும் போதும். ஊற்றுநீர் முழுவதையும் ஒரே குழாயில் திருப்பி, வாளி நிறையும் நேரத்தை மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். நீலகிரியில் கோடை மழைக்கு முன் எடுக்கும் அளவுதான் கணக்கு. டிசம்பர் அளவை நம்பிப் போட்ட திட்டம் மார்ச்சிலேயே பல்லிளிக்கும்.

130 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவுப்படி ஆளுக்கு 55 லிட்டர், நாளுக்கு 7,150. வாளி 2 நிமிடத்தில் நிறைந்தால் ஊற்று தருவது நாளுக்கு 7,200. கணக்கு சரிதான், ஆனால் தேவையில் பாதி காலை 5 முதல் 8 மணிக்குள் வருகிறது. அந்த நேரத்தில் ஊறுவது 900 லிட்டர். இரவு 8 முதல் காலை 5 வரை ஊறும் 2,700 லிட்டர் ஓடையில் போகிறது. இங்கே தொட்டிதான் சரி. 3,000 லிட்டர் போதும். பெரிதாகக் கட்டினால் பழுது நாட்களுக்குக் கையிருப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

தொட்டி வேலையில் அடிக்கடி கெடுவது, ஊற்றுநீரைப் பிடிக்க அதன் வாயில் கட்டும் ஊற்றுப் பெட்டி. மிகுதி நீர் வெளியேறும் அதன் வழிகால் குழாய், நீர் வெளிவரும் ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்தால் தேங்கும் நீர் கண்ணை எதிர்த்து அழுத்தும். ஊற்று வேறு வெடிப்பு தேடிப் போய்விடும். போனதைத் திரும்பக் கொண்டுவருவது அபூர்வம். கண்ணைக் கடப்பாரையால் பெரிதாக்குவதும் இதே வம்புதான்.

இனி கோடை. வாளி நிறைய 3 நிமிடம் 20 நொடி ஆனால் நாளுக்கு 4,320 லிட்டர், ஆளுக்கு 33. தினமும் 2,830 லிட்டர் குறை. 90 நாளுக்கு இரண்டரை லட்சம். அதைத் தேக்க 10 மீட்டர் நீள அகலத்தில் இரண்டரை மீட்டர் ஆழத் தொட்டி வேண்டும். சரிவில் அதை எங்கே கட்டுவது?

தொட்டிக்குப் பதில் மழைநீரை மண்ணுக்குள் சேமிப்பதுதான் சம உயர அகழி, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் பள்ளம். 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம்: ஓர் அகழி 720 லிட்டர். 100 அகழி ஒருமுறை நிறைந்தால் 72,000 லிட்டர். பருவத்தில் பலமுறை நிறையும். எல்லாம் ஊற்றுக்கு வராது, வருவதும் உடனே வராது. ஓரிரு பருவமழை பொறுக்க வேண்டும். சிக்கிமில் 'தாரா விகாஸ்' என்ற ஊற்று மீட்புத் திட்டம் இந்த வழியில்தான் நடந்தது. இமயத்தில் பாறை அடுக்கு சாய்ந்திருப்பதால் ஊற்றுக்கான மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் இடம் மலையின் மறுபக்கமாகவும் இருக்கலாம். நீலகிரியில் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையின் மேல் மக்கிய மண் தடிமனாக இருப்பதால், பெரும்பாலும் ஊற்றுக்கு மேலுள்ள சரிவையே முதலில் பார்க்கலாம். அதே தடித்த மண்தான் ஆபத்தும்: செங்குத்துச் சரிவிலும் வீடுகளுக்கு மேலும் அகழி வெட்டினால் மண்சரிவுக்கு வழி. மேலே கழிப்பறைக் குழி இருந்தால் அந்த அழுக்கும் சேர்ந்து இறங்கும். வனத்துறை நிலமென்றால் அனுமதி முதலில்.

முறைவைப்பு மலிவு, நாளையே தொடங்கலாம். தெருவுக்கு ஒரு மணி நேரம் என்று வால்வைத் திருப்பினால் போதும் என்பார்கள். போதாது. தாழ்வான வீடுகள் முதலில் இழுத்துக்கொள்ளும், மேட்டு வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். காலியான குழாய் கசிவு வழியே சாக்கடையையும் உள்ளிழுக்கும். ஆகவே தாழ்வான கிளைக் குழாயின் வால்வைப் பாதி மூடி வையுங்கள். கசிவை அடைக்காமல் முறை தொடங்க வேண்டாம். துணி துவைக்கவும் மாட்டுக்கும் தொட்டியின் வழிகால் நீரைத் தனிக் குழாயில் கீழே விட்டால் குடிநீர்ச் சுமை குறையும். கோடையில் வழிகால் நிற்கும்போது அதுவும் நின்றுவிடும்.

ஊற்றுக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் யோசனையை ஒப்பிடவே வேண்டாம். பெரும்பாலும் ஊற்றுக்கு வரும் அதே நீரைத்தான் அது முன்கூட்டி இறைக்கும்.

பணம் குறைவென்றால் இந்தக் கோடைக்கு முறைவைப்பு, அடுத்து 3,000 லிட்டர் தொட்டி. அகழி வேலையை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் சேர்த்து, மே மாதத்துக்குள் முடியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அகழி வண்டலை அள்ளிக் கீழ்க்கரையில் போட வேண்டும். வண்டல் படிந்த அகழியில் நீர் நிற்கும், இறங்காது.