கிட்டாரில் பிக்கார்டு ஒட்டும் ஃபிலிம்: தங்கச்சிமடத்து உப்புக்காற்றில் எப்படி நிற்கிறது?

எந்த பிக்கார்டு (கம்பி மீட்டும் பிக் வில்லை உரசிக் கிட்டார் கீறாமல் இருக்க முன்பலகையில் ஒட்டும் மெல்லிய தகடு) நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் அதன் அடியில் என்ன ஒட்டுகிறோம் என்பது. ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிக்கிற என் கிட்டாரில், த்ரீஎம் 468எம்பி என்ற இருபக்க ஒட்டு ஃபிலிம் மூன்று ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதற்கு முன் இருந்தது, பின்பக்கம் பசையோடு வந்த ஒரு மலிவு பிக்கார்டு. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழைக்கே முனை சுருண்டு, ஸ்ட்ரம் பண்ணும்போது பிக் அதில் மாட்ட ஆரம்பித்துவிட்டது.

அதைக் கழற்ற ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி, பசை இளகியதும் தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் இழை) இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, அடியில் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே போனேன். கத்தி வைக்கவே கூடாது. முன்பலகை ஸ்ப்ரூஸ் என்ற மென்மையான மரம், நகம் அழுந்தினாலே தடம் விழும். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டினால் திரிதிரியாக வந்துவிடும்.

அப்புறம் துடைப்பது. நம் கரையில் உயிரே இதில்தான் இருக்கிறது. சோளகம் (தென்காற்று) அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும் இல்லையா, அதே உப்பு கிட்டார் மேலும் படிந்திருக்கிறது. பசை அந்த உப்பைத்தான் பிடிக்கும், பாலிஷைப் பிடிக்காது. வெறும் ஆல்கஹாலால் துடைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். உப்பு அதில் சரியாகக் கரையாது. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, நன்றாகக் காய்ந்த பிறகு ஐசோபிரொப்பைல் ஆல்கஹால். பாலி ஃபினிஷ் (பிளாஸ்டிக் வகைப் பூச்சு) உள்ள கிட்டாருக்கு இது சரி. ஷெல்லாக் (அரக்கு) பூசிய கிட்டார் என்றால் ஆல்கஹால் பக்கமே போகாதீர்கள், பூச்சு கரைந்துவிடும்.

இதே வகை ஃபிலிமில் 467எம்பியின் தடிமன் 0.05 மில்லிமீட்டர், 468எம்பியின் தடிமன் 0.13 மில்லிமீட்டர். முன்பலகை பார்க்கத் தட்டையாக இருந்தாலும் லேசான மேடு உண்டு; அதனால் தடித்ததை எடுத்தேன். சோப்பு கலந்த தண்ணீரை லேசாகத் தெளித்து, ஃபிலிம் ஒட்டிய பிக்கார்டை வைத்தால் நகர்த்திச் சரிபார்க்கலாம். இடம் அமைந்ததும், துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். பசை முழுப் பிடிக்கு வர 72 மணி நேரம். ஞாயிறு பூசை முடிந்து ஒட்டினால் அடுத்த ஞாயிறுக்குத் தாராளம்.

டிசம்பர் கரோல் இரவுகளில் வாடைக்காற்றும் தூறலும் பட்டிருக்கிறது, முனை எழும்பவில்லை. சத்தத்திலும் என் காதுக்கு வித்தியாசம் இல்லை. குறை ஒன்றுதான்: நான் சுண்டுவிரல் ஊன்றுகிற ஓரத்தில் பசை மயிரிழை அளவு கசிந்து, தூசியைப் பிடித்துச் சாம்பல் கோடாகிவிடுகிறது. அவ்வப்போது ஈரத்துணியால் துடைக்கிறேன்.

சூப்பர் குளூ போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஈரப்பதம் ஏற இறங்க மரம் விரிந்து சுருங்கும், சூப்பர் குளூ அதற்கு நெகிழ்ந்து கொடுக்காது. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் கம்பெனி 1980கள் வரை பிளாஸ்டிக் பிக்கார்டை வெறும் மரத்தில் நேரடியாக ஒட்டியது. அந்த பிளாஸ்டிக் நாள்பட நாள்படச் சுருங்கி மரத்தை இழுத்து, விரிசல் விட்ட பழைய கிட்டார்கள் ஏராளம். ஃபிலிமின் அக்ரிலிக் பசை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். வேண்டாம் என்றால் சூடுகாட்டிக் கழற்றவும் செய்யலாம்.

வாங்கிய தாளில் பாதி மிச்சம் இருக்கிறது. குழுவில் இன்னொரு தம்பியின் கிட்டாருக்கு, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒட்டிக் கொடுக்கப் போகிறேன்.