பிச்சுவாவா, பீச்சேகத்தியா, சீக்ஸா: ஏற்காட்டுத் தோட்டத்துக்கு எந்தக் கத்தி?

எங்கள் காப்பித் தோட்டத்துச் சாமான் அறையில் கொடுவாளும் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியும் எப்போதும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில், பழங்கால வடிவங்களைப் பார்த்து உலையில் அடித்த மூன்று கத்திகள் இரண்டு ஆண்டுகளாகத் தொங்குகின்றன. ஒன்று பிச்சுவா, இன்னொன்று குடகு மக்களின் பீச்சேகத்தி, மூன்றாவது வட ஐரோப்பாவின் சீக்ஸ். இப்படிப்பட்ட கத்தியை அடித்து வாங்க விரும்புபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால்தான் முதலில் வாங்கியது பிச்சுவாவாக இருந்தது.

பிச்சுவாவின் அழகைக் குறை சொல்ல முடியாது. தேளின் கொடுக்கைப் போல வளைந்து நெளியும் அலகு, இருபுறமும் கூர், விரல்களைச் சுற்றி வளையமாக மூடும் இரும்புக் கைப்பிடி என்று அமைந்த இந்த வடிவத்தின் மூலம் எருமைக் கொம்பைச் சீவிச் செய்த பழைய தென்னிந்தியக் குத்துவாள் என்று கருதப்படுகிறது. 1659இல் பிஜாப்பூர்த் தளபதி அப்சல்கானைச் சிவாஜி எதிர்கொண்ட நிகழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் ஆயுதமும் இதுவே. ஆனால் குத்துவதற்கென்று பிறந்த வடிவம் வேறு எந்த வேலைக்கும் இணங்குவதில்லை. பலாப்பழத்தைப் பிளக்கும்போது கத்தியின் முதுகில் கட்டைவிரலை அழுத்த வேண்டியிருக்கிறது. பிச்சுவாவுக்கு முதுகே கிடையாது, அங்கேயும் கூர்தான் இருக்கிறது. நெளிந்த அலகைத் தட்டைச் சாணைக்கல்லில் தீட்டவும் முடியாது, உள்வளைவுக்கென்று உருளைக்கல் ஒன்று தனியாக வேண்டும். ஒரே ஒரு முறை தீட்டியதோடு நான் விட்டுவிட்டேன்.

பீச்சேகத்தி இதற்கு நேர் எதிர். குடவர்கள் விழாக்காலங்களில் இடைக்கச்சையில் செருகிக்கொள்ளும் இந்தக் கத்தி இன்று பெரும்பாலும் அலங்காரப் பொருளாகிவிட்டது. என்றாலும் அடிப்படையில் இது ஒரு பக்கம் மட்டும் கூருள்ள, அகன்ற, முதுகு தடித்த வேலைக்கத்தி. என்னுடையதில் அலகு 7 அங்குலம். கிளிமூக்குப் போல வளைந்த கைப்பிடி முனை உள்ளங்கையில் தங்கிவிடுவதால், ஈரக் கையிலும் நழுவுவதில்லை. பழைய உறைகளில் சங்கிலியோடு காதுக்குரும்பி எடுக்கும் குச்சியும் முள்வாங்கியும் தொங்குவதுண்டு. சேலத்தில் இதைச் செய்விப்பதில் ஒரு வசதி இருக்கிறது: கொலுசுக்குப் பெயர்பெற்ற செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பூண் கட்டுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் வெள்ளி ஏறியதும் கத்தி நகையாகிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் அதை அடுப்படிக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வெள்ளி வேண்டாம் என்று சொல்லிப் பித்தளைப் பூணோடு வாங்கினேன். அதனால்தான் இஞ்சி நறுக்கவும் எலும்போடு கறி வெட்டவும் அது இன்று பயன்படுகிறது.

சீக்ஸ் பார்ப்பதற்கு மூன்றிலும் சாதாரணமானது. நேரான கூர், முனையை நோக்கிச் சட்டென்று சரியும் முதுகு, மரக் கைப்பிடிக்குள் மறைந்து போகும் காம்பு, இவ்வளவுதான். 1857இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற சீக்ஸில் ஆங்கிலோ-சாக்சன்களின் ரூன் என்னும் பழைய எழுத்துகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது வாள் அளவுக்கு நீண்டது. தோட்டத்துக்கு 6 அங்குல அலகு போதும். நேரான கூரைத் தட்டைக்கல்லில் எவரும் தீட்டலாம், சரிந்த முனை மிளகுக்கொடி கட்டிய கயிற்றுக்குள் எளிதாக நுழையும், முதுகில் கட்டையால் தட்டிச் சிறு விறகையும் பிளக்கலாம். ஒரு குறையை மறைக்கக் கூடாது: 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள முதுகு கேரட்டை அரிவதில்லை, பிளக்கிறது.

வடிவத்தைவிட முக்கியமானது இரும்பின் பதம். என் சீக்ஸ் லாரிப் பட்டையில், அதாவது லாரியின் அடியில் இருக்கும் வில்பட்டையில் அடித்தது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கும்போது அதற்குப் பஞ்சமில்லை. அதில் கரிமம் ஏறத்தாழ 0.6 விழுக்காடு, கத்திக்குப் போதுமானது. அடிவாரத்துக் கொல்லர் முதலில் அடித்துக் கொடுத்ததைக் கொடுவாளுக்குச் செய்யும் வழக்கத்தில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தித் தோய்ச்சல் போட்டார். ‘டிங்’ என்று மெல்லிய ஓசை கேட்டது. கூரிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. லாரிப் பட்டை எண்ணெயில் கெட்டிப்படும் வகை, தண்ணீரின் வேகத்தை மெல்லிய அலகு தாங்குவதில்லை. இரண்டாவது கத்தியை, காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே கொண்டுபோய், இளஞ்சூடான கடலை எண்ணெயில் அமிழ்த்தினோம். பிறகு வீட்டு ஓவனில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தபோது, துலக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் ஏறியது. அரத்தை வைத்து இழுத்தால் கடிக்காமல் வழுக்கியது; கூர் கெட்டிப்பட்டதற்கு அதுவே அடையாளம்.

மற்ற இரண்டையும் வாங்கும்போது அலகில் அலையலையாய் வரி ஓடும் எஃகைக் குறிக்கும் ‘டமாஸ்கஸ்’ என்ற சொல்லைக் கேட்காமல் தப்ப முடியவில்லை. இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இருவகை எஃகை அடுக்கி, உலையில் ஒட்டி, மடித்து அடித்தது. நம் பக்கத்து உருக்கு அதுவல்ல: சிறு மண்மூசையில் இரும்போடு ஆவாரங்கட்டையை இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் அடைத்து உருக்கிய ஒற்றைக்கட்டி, அதில் கரிமம் 1.5 விழுக்காடு அளவுக்கு இருக்கும், வரிகள் உள்ளிருந்தே தோன்றும். இந்த முறையை எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜோசையா ஹீத். சேலம் தாதுவை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். எனவே சேலத்துத் தாது மலையின் பெயரால் ‘கஞ்சமலை இரும்பு’ என்று சொல்லி எவரேனும் அடுக்கு எஃகை நீட்டினால் பணத்தை உள்ளே வையுங்கள்.

என் பிச்சுவாவை விற்றவர் அடுக்கு எஃகுகூடத் தரவில்லை. 400ஆம் எண் உப்புத்தாளை நான்கு முறை தேய்த்ததும் வரிகள் அழிந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. மேலே அமிலத்தால் அச்சிட்ட கோலம்தான் அது. பீச்சேகத்தியிலும் அதே இடத்தில் தேய்த்துவிட்டு, எஃகை அரிக்கும் பெரிக் குளோரைடில் முக்கினேன், வரிகள் திரும்பி வந்தன. பிறகு ஓர் இரவு கெட்டியான இன்ஸ்டன்ட் காப்பியில் ஊறப் போட்டதும் அவை கறுத்து எடுப்பாகத் தெரிந்தன. தோட்டத்துக் காப்பிக் கொட்டையை இதற்கு வீணாக்க வேண்டியதில்லை.

மூன்றும் துருப்பிடிக்கும் எஃகுதான். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலையே செம்புள்ளி தெரியும். துருப்பிடிக்காத எஃகு ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு; அதன் பதத்துக்கு ஆயிரம் பாகையைத் தாண்டிய, கட்டுப்பாடான சூடு வேண்டும், கரி உலையில் கண்மதிப்பில் அது வராது. சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரியதாக இல்லாவிட்டால், ஆயுத விதிகளின் கணக்கில் வந்துவிடும்.

அடுப்படிக்குப் பீச்சேகத்தி, தோட்டத்துக்குச் சீக்ஸ் என்பது என் முடிவு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீக்ஸ். பிச்சுவாவின் விலையில் அதைப்போல மூன்று அடிக்கலாம். தை மாதக் கவாத்துக்கு முன் கொல்லரிடம் இன்னொன்று சொல்லியிருக்கிறேன்: அதே வடிவம், முதுகு 3 மில்லிமீட்டர், எண்ணெய்த் தோய்ச்சல், ஓராண்டு நிழலில் காய்ந்த காப்பிக்கட்டையில் கைப்பிடி.