குடியாத்தம் வீட்டில் 94இல் நின்றுபோன இணைய வேகம்

குடியாத்தத்தில் என் பெற்றோர் இருக்கும் வீட்டில் நொடிக்கு 200 மெகாபிட் வேகம் தர வேண்டிய ஃபைபர் இணைப்பு இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கான தொகையை அப்பா ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி, மூன்று வார விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்த அன்று மாலையே நான் வேகத்தை அளந்து பார்த்தேன். முன்கூடத்தில் 94 மெகாபிட் கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் பகல் முழுவதும் இருக்கும் பின்கட்டு அறையிலோ 8 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மாதம் ஒருமுறை வேலூரில் உள்ள மருத்துவரிடம் காணொளியில் பேசும் அம்மாவுக்கு அந்த 8 மெகாபிட்டே போதும்தான். ஆனால் அது நிலைத்து நிற்காமல், பேச்சின் நடுவே அறுந்து அறுந்து போவதுதான் இரண்டு ஆண்டுகளாக அவர் சொல்லிவந்த குறை.

இணைப்புத் தரும் உள்ளூர் கேபிள் அலுவலகத்தில் புகார் சொன்ன மறுநாள் காலையிலேயே ஒரு தம்பி வந்துவிட்டார். அக்னி நட்சத்திர வெயிலில் கம்பத்தில் ஏறி இணைப்பைச் சரிபார்த்து, ஒளியின் அளவு நன்றாக இருப்பதைத் தன் கருவியில் காட்டினார். இந்தச் சுறுசுறுப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் முன்கூடத்து 94 பற்றிக் கேட்டதும், "வைஃபைல அவ்ளோதாண்ணா வரும், எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வைஃபைக்கு வரம்பு இருந்தால் அது இடத்துக்கு இடம் மாற வேண்டும்; வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரின் அருகில் நின்றாலும் நான்கு அடி தள்ளி நின்றாலும் அதே 94 என்று வருவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அந்தத் தம்பியிடமே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினேன். (புதிய ரவுட்டர் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கடைக்குப் போவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, இவை இல்லாமல் பல இணைப்புகளில் புதிய ரவுட்டரை இயக்கவே முடியாது.) பிறகு, ஃபைபர் வந்து முடியும் பெட்டியிலிருந்து நான் கொண்டுவந்திருந்த கேபிளை நேராக மடிக்கணினியில் செருகி, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அளந்தேன். 204 மெகாபிட் வந்தது. தெருவிலிருந்து வீடு வரை எந்தக் குறையும் இல்லை என்பதும், வீட்டுக்குள் ஓரிடத்தில்தான் வேகம் நெரிபடுகிறது என்பதும் அந்த ஒரே சோதனையில் தெளிவாயின.

94 என்ற எண்ணே அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. கேபிள் செருகும் வாய்கள், அதாவது போர்ட்டுகள், மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் நொடிக்கு 100 மெகாபிட் அளவுக்கே செய்யப்பட்டிருக்கும். தரவுப் பொட்டலங்களின் முகவரி முதலிய மேல்சுமை போக, அதில் பயனருக்குக் கிடைப்பது 94 அல்லது 95 மட்டுமே. எங்கள் வீட்டு ரவுட்டரின் மேல் 'ஏசி 1200' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது வைஃபை இயங்கும் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸின் 300 மெகாபிட்டையும், 5 கிகாஹெர்ட்ஸின் 867 மெகாபிட்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். ஒரு கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றோடு மட்டுமே இணைகிறது என்பதால், அந்தக் கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. அதுவும் போக, ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மதகின் அளவுக்குத்தானே கால்வாயில் தண்ணீர் வரும்? 1200 என்று எழுதிய பெட்டிக்கு 100 என்ற மதகை வைத்து விற்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாகப் பேருந்தில் வேலூருக்குப் போனோம். சிங்கப்பூரிலிருந்தே ஒரு நல்ல ரவுட்டரை வாங்கி வந்திருக்கலாமே என்று அப்பா வழியில் கேட்டார். நான் வேண்டுமென்றேதான் வாங்கி வரவில்லை. உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். எந்த அலைவரிசைத் தடங்களில், எவ்வளவு திறனில் இயங்கலாம் என்பதும் விற்கப்படும் நாட்டின் விதிகளுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பழுதானால் என் அடுத்த வருகை வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். வேலூர்க் கடையில் வாங்கினால் அப்பா பேருந்து ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தினி ஆன்டெனா வேணும் சார்?" என்பதுதான். வாங்க வருபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு ரவுட்டரின் வேகத்தை அறிய முடியாது. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் போர்ட் விவரத்தைப் படிக்க வேண்டும். அங்கே 10/100 என்று இருந்தால் 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட திட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது உதவாது. 10/100/1000 என்றோ கிகாபிட் (அதாவது 1000 மெகாபிட்) என்றோ இருக்க வேண்டும். அதுவும் இணையம் உள்ளே வரும் வான் போர்ட்டுக்கும், மற்றக் கருவிகளுக்கான லான் போர்ட்டுகளுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டு, கடைக்காரர் தன்னிடம் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்து இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தார். அவருடைய பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 100 மெகாபிட் போர்ட் உள்ளவை ஏறக்குறைய 1,500 ரூபாயிலும், கிகாபிட் போர்ட் உள்ள வைஃபை 5 ரவுட்டர்கள் 2,300 ரூபாயிலும், அதற்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 ரவுட்டர்கள் 3,000 ரூபாய்க்கு மேலும் இருந்தன.

நான் நடுவில் இருந்ததை எடுத்தேன். வைஃபை 6 ஒரே நேரத்தில் பல கருவிகளைச் சமாளிப்பதில் மேலானது; பிள்ளைகள் நிறைந்த வீடு என்றாலோ, 300 மெகாபிட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றாலோ அதையே வாங்கச் சொல்வேன். ஆனால் என் பெற்றோர் வைத்திருக்கும் இரண்டு கைப்பேசிகளும் ஒரு தொலைக்காட்சியும் வைஃபை 5 வரைதான் அறிந்தவை. அதோடு, வைஃபை 6 வந்துவிட்டது என்பதற்காகச் சுவரின் தடிமன் குறைந்துவிடாது. மிச்சமான பணத்தில் கிகாபிட் வேகத்தைத் தாங்கும் கேட் 5இ வகைக் கேபிள் 20 மீட்டரும், ரவுட்டருக்கான சிறிய யுபிஎஸ் ஒன்றும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து புதிய ரவுட்டரை மாட்டி அளந்தால், மறுபடியும் அதே 94. அப்பாவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் என் கேபிளில் நேராக மடிக்கணினிக்கு 204 வந்திருக்கிறதே என்ற நினைவு வர, ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே முன்பே போடப்பட்டிருந்த கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு இணைகள், இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். இணைப்புக் கொடுத்த நாளில் முனையில் நான்கு கம்பிகளை மட்டும் கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பொருத்தி, விட்டிருந்தார்கள். பழைய ரவுட்டரின் போர்ட், அந்தக் கேபிள் என இரண்டு இடங்களில் ஒரே அளவு அடைப்பு இருந்ததால், ஒன்றை மாற்றியதும் மற்றொன்று வழியை மறித்துக்கொண்டது. புதிய ரவுட்டரின் பெட்டியிலேயே வந்திருந்த கேபிளைப் போட்டதும் முன்கூடத்தில் 198 வந்தது.

பின்கட்டுக்கு இது தீர்வு ஆகவில்லை. முன்பகுதி தாத்தா காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சுவர் ஒன்றரை அடி தடிமன். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் அப்படிப்பட்ட சுவரைக் கடக்கும்போது மிகவும் வலுவிழக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிட நன்றாக ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலும் அதில் அதிகம். பழைய ரவுட்டரை வைத்திருந்த இடமோ இன்னும் மோசம்: மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் உள்ள பரண், பக்கத்தில் இரும்பு பீரோ. இரும்பு அலையைத் தடுக்கும். இயங்கக்கூடிய வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று இத்தகைய ரவுட்டர்களின் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். 40 டிகிரியை வெகு எளிதாகத் தாண்டும் வேலூர் மாவட்டத்து மே மாதத்தில், பரணில் வைத்தால் அது எப்படித் தாங்கும்?

புதிய ரவுட்டரைக் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்தில், காற்றுப்படும்படி மாட்டினேன். பழையதைத் தூக்கி எறியவில்லை. 20 மீட்டர் கேபிளை நடை வழியாகப் பின்கட்டுக்கு இழுத்து, அதைப் பழைய ரவுட்டரின் லான் போர்ட் ஒன்றில் செருகினேன். அதன் உள்முகவரியைப் புதிய ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, மற்றக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை அணைத்து, வெறும் வைஃபை தரும் பெட்டியாக மட்டும் ஆக்கினேன். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒன்றுக்குத் தடம் 1, மற்றதற்குத் தடம் 11 என்று பிரித்து வைத்தேன். முன்கூடத்தில் குறையாக நின்ற அந்த 94 இப்போது பின்கட்டில் 8 மெகாபிட் இருந்த இடத்தில் கிடைக்கிறது, அங்கே அது தாராளம்.

யுபிஎஸ்ஸை ஃபைபர் பெட்டி, புதிய ரவுட்டர், பழைய ரவுட்டர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. மூன்றும் 12 வோல்ட்தானா, மூன்றின் ஆம்பியர் தேவையும் யுபிஎஸ் தரும் அளவுக்குள் அடங்குகிறதா என்பதை அடாப்டர்களின் அடியில் படித்துப் பார்த்த பிறகே இணைத்தேன். ஃபைபர் வழியில் நடுவே உள்ள பிரிப்புப் பெட்டிகளுக்கு மின்சாரம் தேவைப்படாததால், கேபிள் அலுவலகத்தில் மாற்று மின்சாரமும், எங்கள் யுபிஎஸ்ஸில் சேமித்த மின்சாரமும் இருக்கும் வரை வீட்டில் இணையம் நிற்காது.

நான் புறப்படுவதற்கு முந்தைய வாரம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். அன்று பத்தரை மணிக்குத்தான் மருத்துவர் அம்மாவுக்கு நேரம் கொடுத்திருந்தார். மின்விசிறி நின்றுபோன பின்கட்டு அறையில், அப்பா பனைவிசிறியால் வீசிக்கொண்டிருக்க, அம்மா கால்மணி நேரம் ஒருமுறைகூட அறுபடாமல் பேசி முடித்து, மருத்துவர் மாற்றிச் சொன்ன மாத்திரை அளவைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.