வரையாடு காட்டுகிறேன் என்று பூட்டிய கேட்டைக் காட்டினார்கள்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்திலிருந்து மூணாறு ட்ரிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஜனவரியில் எம்.சி. ரோடில் துணி எடுக்கப் போனபோது ஒரு டிராவல்ஸ் போர்டு கண்ணில் பட்டது: இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடு, ஆனைமுடி உச்சி ட்ரெக்கிங். ஆளுக்கு 6,500 ரூபாய், பர்மிட்டுக்குத் தனியாக 1,000. அம்மா, மனைவி, மச்சான், நான் என நான்கு பேர். "பிப்ரவரியில ஆடு கண்ல படுமாண்ணே?" என்று டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். "குட்டி போடுற சீசன் தம்பி, குட்டியோடவே பாக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. குட்டி போடும் சீசன்தான். அதற்காகத்தான் பூங்காவை வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் மூடி வைக்கிறார்கள்!

இது எங்களுக்குப் பூங்கா வாசலான ஐந்தாம் மைல் கேட்டில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. ராத்திரி முழுக்க வேனில் குலுங்கிய அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. 'பர்மிட்'டை நீட்டினேன். வெள்ளைத்தாள், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான். கேட்டில் இருந்த வனத்துறைக்காரர் நல்ல தமிழில், "இது எங்க பேப்பரே இல்லைங்க" என்றார். திறந்திருக்கும் நாளிலும் நம் வண்டி உள்ளே போகாதாம். அவர்கள் பஸ்ஸில்தான் ராஜமலை வரை போக முடியும். 2,695 மீட்டர் ஆனைமுடி உச்சிக்கு டூரிஸ்ட் யாரையும் விடுவதே இல்லை.

அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சென்னையிலிருந்து ட்ரெக்கிங் போனவர்களும் செத்துப் போனார்கள். இந்த ஆள் எங்களையும் ஏதாவது ஒரு மலையில் ஏற்றி விட்டிருந்தால்?

அப்புறம் மாட்டுப்பட்டி அணையைச் சுற்றிக் காட்டினார்கள். ரூமில் வெந்நீர் இல்லை. அதை விடுங்கள்.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டால், "கவர்மெண்ட் திடீர்னு மூடிட்டா நான் என்ன தம்பி பண்றது?" என்கிறார். குறைந்தபட்சம் பர்மிட்டுக்கு வாங்கிய 4,000 ரூபாயையாவது கொடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபே ரசீதையும் அந்த வெள்ளைத்தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று அந்த வழியாகப் போனேன். போர்டில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார். மார்ச் இரண்டாவது சனிக்கிழமை, வரையாடு ஸ்பெஷல், நான்கு சீட் மட்டுமே பாக்கி.