மெலட்டூர் பாகவத மேளா: விடியும் வரை உட்கார முடிந்தால் மட்டும் போங்கள்

தஞ்சாவூர் வருகிறவர்கள் பெரிய கோயிலையும் அரண்மனையையும் பார்த்துவிட்டு, இங்கே நாடகம் எங்கே நடக்கும் என்று கேட்கிறார்கள். பெரிய கோயிலில் ராஜராஜேசுவர நாடகம் ஆட நெல் கொடுத்ததாகக் கல்வெட்டே இருக்கிற ஊர், அதனால் கேட்பது நியாயம்தான். என் பதில் மெலட்டூர். தஞ்சாவூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவிலேயே பாகவத மேளா நடக்கும், பாட்டும் ஆட்டமுமாக ராத்திரி முழுக்கப் போகிற பக்தி நாடகம். டிக்கெட் கிடையாது.

நான் போனது மூன்று தடவை, முழுசாகப் பார்த்தது ஒரே தடவை. முதல் தடவை தஞ்சாவூரில் எடுத்த லாட்ஜில் பதினொன்றரைக்கு மேல் கதவைத் திறக்க மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள், நாடகத் தொடக்கத்தில் வரும் கோமாளியான கோணங்கியையும் பிள்ளையார் வேஷம் கட்டிய சின்னப் பையனையும் பார்த்த கையோடு ஓடிவந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. இரண்டாம் தடவை தூங்கிப்போனேன். இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு, பாய், தண்ணீர், கொசுவுக்குத் தடவ ஒரு களிம்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம்.

நாடகம் தெலுங்கில். அதைக் கேட்டு தயங்க வேண்டாம். தஞ்சாவூரை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் காலத்தில் வீடும் நிலமும் கொடுத்துக் குடிவைத்த தெலுங்கு அந்தணர் குடும்பங்களின் வழியில் வந்த கலை இது. இப்போது ஆடுகிற நாடகங்களை எழுதிய மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி, தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவர். அன்று ஆடியது பிரகலாதன் நாடகம். நான் அர்த்தம் புரியவில்லையே என்று முனகியபோது அம்மா, "பிரகலாதன் கதைக்கு என்னடா அர்த்தம் வேணும், பேசாம பாரு" என்றார். சரியாகத்தான் சொன்னார், ஒரு மணி நேரத்தில் பாஷையை மறந்துவிட்டேன்.

பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். பிரகலாதனின் அம்மா லீலாவதி வரும்போது திரைக்குப் பின்னாலிருந்தே தரு என்கிற நாடகப் பாட்டு தொடங்கிவிடும், நட்டுவாங்கமும் மிருதங்கமும் சேர்ந்து வேகம் பிடிக்கும், திரை விலகி அந்த முகம் தெரிகிற நேரத்தில் ஆடுவது ஆண் என்ற நினைப்பே நமக்கு இருக்காது. மகனுக்கு விஷம் கொடுக்க இரணியன் சொல்கிற இடத்தில் லீலாவதி நிற்கிற நிற்பு, புருஷனுக்கும் பிள்ளைக்கும் நடுவே உடம்பே இரண்டாகப் பிளக்கிற மாதிரி, நான் வேறு எந்த மேடையிலும் பார்க்காத அபிநயம். நடுராத்திரிக்கு மேல் கொஞ்சம் இழுக்கும், உண்மைதான். சுருக்கியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது, ஆனால் அந்தக் களைப்போடு பார்த்தால்தான் கடைசிக் காட்சி தாக்குகிறது.

அது நரசிம்மர் வரும் காட்சி. அந்த முகமூடி வெறும் வேஷ சாமான் இல்லை, பூஜையில் இருப்பது. அதைத் தரிப்பவர் விரதம் இருந்துதான் தரிக்கிறார். ஆவேசம் ஏறி அவர் இரணியனை நோக்கிப் பாயும்போது பிடித்துக்கொள்ள ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து கைகூப்பினார்கள், அம்மாவும். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் நாலைந்து பேர் செல்போனை உயரத் தூக்கிப் பிடித்து மறைத்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பின்னால் விடிய விடியக் காத்திருந்த வயசானவர்கள் இருக்கிறார்கள்.

தனியாகப் போகிறவர்கள் திரும்பி வர வண்டிக்கு முன்னாடியே பேசிவைப்பது நல்லது, அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. லாட்ஜ் எடுப்பதாக இருந்தால் ராத்திரி கதவைத் திறப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பகலில் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். அப்புறம், பிரகலாதனோடு முடிவதில்லை, விழாவில் வேறு நாடகங்களும் உண்டு. அடுத்த தடவை அரிச்சந்திரன் போட்டால் அதற்கும் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வரலாம் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.