இடுப்புயரச் சீன ஜாடிகள்: பச்சையா, ரோஜாவா?

பழைய சீனப் பீங்கானில் மனதைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு கட்சி. காங்ஷி பேரரசர் காலத்துப் (1662–1722) பச்சை வண்ணம் ஓங்கிய ‘பச்சைக் குடும்பம்’ ஒரு பக்கம். அவருக்குப் பின் வந்த பேரரசர்கள் யோங்ஜெங், சியென்லுங் காலங்களில் செழித்த, இளஞ்சிவப்பு ஓங்கிய ‘ரோஜாக் குடும்பம்’ மறுபக்கம். குடும்பப் பெயர் சூட்டியவர் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஆல்பெர் ஜாக்மார்.

உடம்பு என்று பார்த்தால் இரண்டும் சீனத்தின் பீங்கான் நகரமான ஜிங்தெழன் சூளைகளில் பிறந்தவைதான். பெரிய ஜாடியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. இரண்டு மூன்று துண்டுகளாக வனைந்து, களிமண் குழம்பு தடவி ஒட்டுவார்கள். உள்ளே கைவிட்டால் அந்த ஒட்டு விரலில் தட்டுப்படுவதுண்டு. பிறகு 1300 டிகிரி அளவில் சுடவேண்டும். சாயும், வெடிக்கும். மூன்றடிக்கு மேல் உயரமான ஜாடிகளில் எண்பது செய்து எட்டுதான் தேறியது என்று, அங்கே போய்வந்த பாதிரியார் தாந்த்ரகோல் 1712இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அப்படித் தப்பியதன் மேல்தான் எனாமல் எனும் கண்ணாடி வண்ணத்தைத் தீட்டி, சுமார் 800 டிகிரியில் மறுபடி சூளைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

வித்தியாசம் வண்ணத்தில் இருக்கிறது. பச்சைக் குடும்பத்து எனாமல் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். செம்பு தரும் பச்சை, மாங்கனீசு தரும் கத்தரிப்பூ நிறம், கூடவே இரும்புச் சிவப்பு. இதில் நிறத்தைப் படிப்படியாக வெளிறச் செய்ய வழியில்லை. கோடு இழுத்து உள்ளே நிரப்பவேண்டும். அதனால் கோட்டில் கை தேர்ந்தவர்களின் கலை இது. குதிரைமேல் பாயும் வீரர்கள், பாறைகள், கோட்டை வாசல்கள் எல்லாம் கூடத்தின் மறுகோடியிலிருந்தே தெரியும்.

ரோஜாவில் இரண்டு புதுச் சரக்குகள்: பொன்னிலிருந்து எடுத்த இளஞ்சிவப்பு, ஆர்சனிக் சேர்ந்த ஊடுருவாத வெள்ளை. இந்த வெள்ளையைக் கலந்ததும் எந்த நிறமும் ஓவியர் சொன்னபடி கேட்கும். பியோனி மலரின் ஓரத்தில் வெளுத்து, அடியில் சிவந்து போகும் இதழைத் தீட்ட முடிந்தது இதனால்தான். 1728இல் ஜிங்தெழன் அரசுச் சூளைகளின் பொறுப்புக்கு வந்த தாங் யிங் காலத்தில் இது உச்சம் தொட்டது.

வண்ண நுட்பத்தில் ரோஜாதான் மேல். ஆனால் பெரிய ஜாடி என்றால் என் ஓட்டு பச்சைக்கு. பத்தடி தள்ளி நின்றால் அந்த இதழின் நுட்பம் கண்ணுக்கு எட்டாது. பச்சையின் கருங்கோடு எட்டும். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, 86.4 செ.மீ. உயர சியென்லுங் ஜாடி தனி ரகம். பலவகை மெருகும் வண்ணமும் அடுக்கடுக்காக ஏறிய அது எந்தக் கட்சியிலும் சேராது.

19ஆம் நூற்றாண்டில் தென்சீனத் துறைமுகமான குவாங்சோவில் தீட்டப்பட்ட ரோஜா ஜாடிகள் கட்டம் கட்டமாக ஆட்களை நெருக்கியவை; அழகுதான், முந்தைய ரோஜாவின் நுட்பம் இல்லை.

வாங்குகிறவர்கள் அடியிலுள்ள முத்திரையை நம்பவேண்டாம். காங்ஷி பெயரைப் பிற்காலத்தவர் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். காங்ஷி முத்திரை போட்ட பெரிய ஜாடியில் இதழ் இதழாக வெளிறிச் சிவக்கும் ரோஜா நிறைந்திருந்தால், அது அநேகமாகப் பிந்தியது.