1,149 ரூபாய் தேனீ ஹோட்டல்: 14 மாத வாடகைக் கணக்கு

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கூரைக்கு மட்டும்.

நான் திண்டுக்கல்லில் ரவிக்கை தைப்பவள். மாடியில் கொஞ்சம் தொட்டிச் செடி, ஓரமாக இரண்டு துவரை, ஒரு ரோஜா. போன வருடம் ஆடித் தள்ளுபடியில் ஆன்லைனில் ஒரு 'தேனீ ஹோட்டல்' வாங்கினேன். தேன் எடுக்கிற பெட்டி இல்லை இது. ராணி, வேலைக்காரி என்று கூட்டுக் குடும்பம் நடத்தாத தனித் தேனீக்களுக்கானது. இந்த வகையில் ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென ஓர் ஓட்டை பார்த்து, மகரந்தம் சேர்த்து வைத்து, முட்டையிட்டு, வாசலை அடைத்துவிட்டுப் போய்விடும். காக்க வேண்டிய கூடு பெரிதாக இல்லாததால் வீணாகக் கொட்டவும் கொட்டாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதைப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பெட்டி ஓர் அடி உயரம். மேல்மாடியில் மூங்கில் துண்டுகள், நடுவில் துளை போட்ட கட்டை, கீழே கம்பி வலைக்குள் பைன் காயும் மரச்சீவலும். பட்டாம்பூச்சிக்கு என்று சிவப்புப் பலகையில் நீளமாக ஒரு கீறல். பார்க்க அழகுதான், கொலுவில் வைக்கலாம். ஆனால் நான் இன்ச் டேப்போடு பிழைக்கிறவள். மூங்கில் 31. ஒன்றில் டேப்பை விட்டேன், இரண்டரை இன்ச்சில் முட்டியது. ஒன்பது மூங்கிலில் வாசலுக்குப் பின்னாலேயே கணு. அதாவது கதவைத் திறந்தால் சுவர். சில ஓட்டைகளில் என் சுண்டுவிரல் போகிறது, சிலவற்றின் உள்ளே சிராய் அப்படியே நிற்கிறது. அந்தச் சிராயில் இறக்கை கிழியாதா?

என் மகள் கோவையில் விவசாயம் படிக்கிறாள். லீவில் வந்தவள் பெட்டியோடு வந்த அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அம்மா, இந்தப் படத்துல இருக்கிறது ஆஸ்மியா. இது திண்டுக்கல்லுக்கு எப்படிம்மா வரும்?"

அட்டையில் இருந்தது ஆஸ்மியா பைகார்னிஸ். மண்ணால் அறை கட்டும் ஐரோப்பியத் தேனீ. ஆஸ்மியா பேரினம் (நெருங்கிய உறவான பல வகைகளின் தொகுதி) ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, வட ஆசியா, வட அமெரிக்கா என்று குளிர் தெரிந்த நாடுகளில் பரவியிருக்கிறது. இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு இறங்கி வருவதில்லை. ஜப்பானில் ஆப்பிள் தோட்டத்துக்கென்றே ஒரு ஆஸ்மியாவை வளர்க்கிறார்கள். அங்கெல்லாம் இந்த மாதிரி ஹோட்டல் நன்றாக ஓடும்.

அந்தத் தேனீக்குப் பெயர் வந்த கதையையும் அவள்தான் சொன்னாள். 1758-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் பெயர் வைத்தபோது எல்லாத் தேனீயும் 'ஏபிஸ்'தான். முகத்தில் இரண்டு கொம்பு இருந்த பெண்ணுக்கு ஏபிஸ் பைகார்னிஸ் என்றும், கொம்பில்லாத ஆணுக்கு ஏபிஸ் ரூஃபா என்றும் அவர் எழுதிவிட்டார். புருஷன் பெண்டாட்டி இரண்டு சாதியாகிவிட்டார்கள். ஒரே துணியில் தைத்த பாவாடையையும் சட்டையையும் வேறு வேறு கடைச் சரக்கு என்று பில் போட்ட மாதிரி. இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது பெண் பெயர் நிலைத்திருக்கிறது.

சரி, ஹோட்டலுக்கு வருவோம். தெற்குப் பார்த்த சுவரில் மாட்டச் சொல்லியிருந்தது அட்டை. குளிர் நாட்டில் வெயில் பட வேண்டும் என்று சொன்னதை நான் அப்படியே கேட்டு மாட்டினேன். இரண்டு மாதம் ஒரு குஞ்சு குருமான் எட்டிப் பார்க்கவில்லை, மத்தியானம் பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். புரட்டாசியில் கிழக்கே மாற்றினேன், காலை வெயில் மட்டும் படும்படி.

கார்த்திகைக் கடைசியில் துவரை பூத்தது. ஒரு நாள் காலை ரோஜா இலை ஓரமெல்லாம் பிறைபிறையாக வெட்டு. புழு என்று நினைத்து வேப்பெண்ணெயை எடுக்கப் போனவள், நல்ல வேளை, நின்று பார்த்தேன். ஒரு கறுப்புத் தேனீ இலை விளிம்பில் கால் பாவி உட்கார்ந்து, தாடையைக் கத்தரி மாதிரி ஓட்டியது. பத்து எண்ணுவதற்குள் வெட்டு முடிந்தது. துண்டு கீழே விழுவதற்கு முன்பே அதைக் கட்டிக்கொண்டு பறந்துவிட்டது. சாக்பீஸ் கோடு இல்லை, அளவு ரவிக்கை இல்லை. அடுத்த இலையில் வெட்டியது முட்டை வடிவம், நாலைந்து நடை கழித்து வெட்டியது சுத்த வட்டம். நீள்வட்டத் துண்டுகள் அறையின் சுற்றுச் சுவருக்கு, வட்டம் மூடிக்கு. அந்த வட்டத்தையும் ஓட்டையைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டுகிறது, இறுக்கமாகப் பிடிக்க. தையலுக்கு விடுவது என்போமே, அதேதான். முப்பது வருடமாகக் கைக்குழி வெட்டுகிறேன், எனக்கு இன்றும் சாக்பீஸ் வேண்டும்.

மெகாகைல் என்பது இந்த இலைவெட்டித் தேனீயின் பேரினப் பெயர். 1802-இல் லத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது, 'பெரிய உதடு' என்று அர்த்தமாம். இந்தக் குடும்பத்தை அடையாளம் காண ஒரு சுலப வழி உண்டு. மற்றத் தேனீக்கள் பெரும்பாலும் காலில் மகரந்தம் கட்டும், இவை வயிற்றின் அடிப்பக்க முடியில் அப்பிக்கொண்டு வரும். துவரைப் பூவிலிருந்து வெளியே வரும்போது வயிறு மஞ்சள் பூசியது போல இருக்கும். ஐரோப்பாவில் இருக்கும் இதன் உறவுக்கு லின்னேயஸ் வைத்த பெயர் சென்டங்குலாரிஸ். ஒட்டுத்துணி என்ற பொருளில் வரும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தது. அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு தையல்காரர் இருந்திருக்க வேண்டும்.

என் மாடிக்கு வந்தது எந்த மெகாகைல் என்று மகளிடம் கேட்டேன். "போட்டோவை வச்சு பேரினம் வரைக்கும் சொல்லலாம்மா. அதுக்கு மேல பிடிச்சு, ஊசி குத்தி, தாடைப் பல்லை எண்ணணும்" என்றாள். வேண்டாம்டி, வாடகைக்கு வந்தவர்களின் பல்லை எண்ண வேண்டாம் என்றேன்.

14 மாதக் கணக்கு இது. இலைவெட்டி அடைத்த மூங்கில் 4. குளவி அடைத்தது 7. மீதியில் எறும்பும் ஒரு சிலந்தியும். குளவி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பச்சைப் புழுவைத் தூக்கிவந்து உள்ளே திணிக்கிறது, என் கத்தரிச் செடிக்குத்தான் லாபம். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். ஏழு கூட்டுக்கு யார் பொறுப்பு என்று மாமியாரிடம் கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பெட்டியின் மேல் 'தேனீ' என்று போட்டிருக்கிறதே, அதைக் கேட்க வேண்டாமா?

அந்த நாலிலும் ஒன்றை எறும்பு காலி செய்தது. இன்னொன்றிலிருந்து வெளியே வந்தது வால் கூர்த்த வேறொரு தேனீ. சீலியாக்ஸிஸ் என்று பெயர், குயில் வேலை செய்வது. மெகாகைல் கூட்டில் நைசாக முட்டை வைத்து, சேர்த்த மகரந்தத்தைத் தன் பிள்ளைக்குத் தின்னக் கொடுத்துவிடும். அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டரை இன்ச் ஆழத்துக்குச் சொல்லலாம். இந்தத் தேனீக்கள் பெண் முட்டைகளை உள்கோடியிலும் ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் வைக்கும். ஆழம் குறைந்தால் ஆண்தான் கூடும். ஆறு இன்ச் இருந்தால் நல்லது.

சித்திரையில் பசை இளகி ஐந்தாறு மூங்கில் கீழே விழுந்தன. விற்றவருக்கு எழுதினேன். இன்னும் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று பதிலும், அடுத்த தடவை வாங்க ஒரு கூப்பனும் வந்தன. பைன் காயில் இன்றுவரை யாரும் குடியேறவில்லை. பட்டாம்பூச்சிக் கீறலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று, உலகத்தில் பெயர் வைத்த தேனீ வகைகள் 20,000-க்கு மேல், ஏழு குடும்பம். அதில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே கிடையாது. காட்டில்தான் எல்லாம் அதிகம் என்று நினைப்போம், தேனீ அப்படியில்லை. மழைக்காட்டைவிட வறண்ட, செடி விட்டுவிட்டு முளைக்கிற நிலத்தில்தான் வகை அதிகம். மகள் போனில் காட்டிய உலகப் படத்தில் அமெரிக்காவின் தென்மேற்கும் மத்தியதரைக்கடல் ஓரமும்தான் நிறம் ஏறிக் கிடந்தன. பெரும்பாலானவை கூடு வைப்பதும் மண்ணுக்குள். என் செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்து மண்ணில் வால் வரை நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ வந்து போகிறது, அமெகில்லா. அதற்கு எந்த ஹோட்டலும் வேண்டாம், சிமென்ட் பூசாத ஒரு முழம் தரை போதும்.

வாங்கலாமா என்று கேட்டால், இந்தப் பெட்டியை வேண்டாம் என்பேன். ஏணி விற்கும் மூங்கில் கடையில் அறுபது ரூபாய்க்கு ஒரு கழி வாங்கி, பின்பக்கம் கணு நிற்கிற மாதிரி ஆறு இன்ச் நீளத்துக்கு அறுத்து, வாயை உப்புத்தாளால் தேய்த்து, பழைய சேலைக் கரையால் கட்டிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே தொங்கவிட்டேன். பென்சில் கனத்துக்கு ஓட்டை இருந்தால் போதும். ஐப்பசி மழை விட்ட நாலாம் நாள் இரண்டு வாசலில் பச்சை மூடி.

கூரை மட்டும் சொன்னபடி ஒழுகவில்லை. மூங்கிலையும் பைன் காயையும் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மெஷின் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மேல்மாடியில் பாபின், துளைக் கட்டையில் ஊசியும் கத்தரியும்.